மருந்து ஏறிய பலகை

பம்பாய், மஸ்ஜித் பந்தர்
12-2-1951

ஷரீஃபுன்னிசாவுக்கு அமீருதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமாக வந்து சேர்ந்தேன். முதலாளியின் பம்பாய்க் கிடங்கு நம் ராயபுரத்துக் கிடங்கைப் போல மூன்று மடங்கு. ஊர் மாறினாலும் தோல் நாற்றம் மாறவில்லை. அதனால் முதல் நாளே எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. தங்குவதும் கிடங்கு மாடியில்தான். இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்கிறார் முதலாளி. மூடுவது என் கண்தானே, அவருக்கென்ன.

இனி மர விஷயம். ராயபுரத்துப் பழைய வீட்டை இடித்த மரத்தை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார் என்று வண்ணாரப்பேட்டை வரைக்கும் தெரியும். வயிறு எரிகிறவர்கள் எரியட்டும். காலடிப்பேட்டை மனையில் இறக்கியதும் ஓலை போட்டு மூடி வை. அதில் இரண்டு தினுசு இருக்கிறது. உத்தரம், தூண், வாசல் நிலை எல்லாம் மாடியிலிருந்து வந்தவை, நல்ல பர்மாத் தேக்கு. பலகைகள் கீழ்த்தளத்தில் இருந்தவை. அந்தக் கீழ்த்தளம்தான் தோல் கிடங்கு. அங்கேதான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நான் தோல் அடுக்கினேன். அந்தப் பலகையில் மருந்து நன்றாக ஏறியிருக்கிறது. கறையான் கிட்டேயே வராது. கடலோர மண்ணில் எந்த வீட்டுக்கும் கறையான்தான் முதல் குடித்தனக்காரன், உனக்கே தெரியும். அதனால் செங்கல்லுக்கு அலையாதே. இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் பலகைச் சுவர், தலைக்கு மேல் ஓடு. ஆசாரி சுப்பராயனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மரியம் அக்காவை உன்னோடு வைத்துக்கொள்ளச் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ரயிலடியில் உன் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அப்படி இல்லை. தாயில்லாத என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷனையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள். நீயும் உன் வாயைக் கொஞ்சம் அடக்கு.

ரஷீது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாமல் பார்த்துக்கொள். மலிகாவை என் பெயர் சொல்லி ஒரு முறை தூக்கிப் போட்டுப் பிடி.

அமீருதீன்


காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
20-3-1951

மச்சானுக்கு ஷரீஃபாவின் ஸலாம். எல்லோரும் சுகம்.

வாயை அடக்கு என்று எழுதினீர்கள். அடக்கிக்கொண்டு இருந்ததால்தான் இத்தனை நாள் கடிதம் எழுதவில்லை. இனி என்னால் ஆகாது.

வீடு எழும்பிவிட்டது. உத்தரம் ஏற்றியாயிற்று. நிலை வைத்த அன்று பள்ளிவாசல் அசரத் வந்து பாத்திஹா ஓதினார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தோம். ஓர் அறை, ஒரு சமையல் கட்டு, முன்னால் ஒரு சாய்ப்பு. மாளிகை இல்லை, ஆனால் நம்முடையது. சின்ன வீடு கட்டுகிறேன் என்று மட்டும் பம்பாயில் யாரிடமும் சொல்லிவைக்காதீர்கள். கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

சுப்பராயன் உங்கள் பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். "இன்னா மரம் தங்கச்சி இது! உளி வெச்சா உளிதான் தேயுது. மருந்து ஏறின மரம்னு உன் வூட்டுக்காரர் சொன்னாரு, கரெக்டு. உன் பேரன் கல்யாணம் கட்டசொல்லோகூட இப்டியே நிக்கும்" என்கிறார். ஆனால் பலகை மேல் வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி இருக்கிறது. இழைக்கும்போது அவர் கையெல்லாம் அரிக்கிறதாம். அது என்ன? துடைத்தால் போகுமா?

இன்னொன்று. வெட்டித் தள்ளிய துண்டும் இழைப்புச் சுருளும் கொல்லையில் மலை மாதிரி கிடக்கின்றன. இங்கே விறகுத் தொட்டியில் ஈர விறகுக்கே அடிதடி. இந்தத் துண்டுகளை அடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா? அல்லது வேறு எதற்காவது வைத்திருக்கிறீர்களா?

மரியம் மதினியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் கேளுங்கள். அவருடைய ஆடு என் துளசிச் செடியைத் தின்றது. கேட்டால், "வாயில்லா ஜீவன் தின்னுட்டுப் போவுது, உனுக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சி" என்கிறார். நான் வைக்கிற குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்கிறார். அவருக்கு இளைப்பு இருப்பதால் அடுப்புப் புகை ஆகாது என்று, கொல்லை வேலி ஓரம் தனியாக மூன்று கல் வைத்து, வறட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. பெற்றவள் நான், அவர்களுக்குக் கஞ்சிதான் அமிர்தம்.

இதற்கு நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஷரீஃபா


பம்பாய்
2-4-1951

ஷரீஃபா,

கப்பல் ஏற்றுமதி. தூங்க நேரமில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்த வெள்ளைதான் மருந்து. தோல் புழுக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில்தான் முக்கி எடுப்போம். பயப்பட ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் அதில் கையை விட்டு எடுத்தவன் நான், உன் முன்னால் குத்துக்கல்லாட்டம்தானே இருந்தேன். ஈரத் துணியால் துடைத்துவிடு. சுப்பராயனைச் சாப்பிடும் முன் கை கழுவச் சொல்.

துண்டுகளைத் தாராளமாக அடுப்புக்கு வைத்துக்கொள். காய்ந்த மரம், நின்று எரியும். அந்த விறகு தீரும்வரை நீ தொட்டிக்குப் போகவே வேண்டாம்.

ஆடு துளசியைத் தின்றதையெல்லாம் ஆயிரம் மைல் தாண்டி எழுதாதே. அக்காவும் நீயும் ஒரு முற்றத்தில் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அமீருதீன்


காலடிப்பேட்டை
18-5-1951

மச்சானுக்கு,

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் நின்று பார்த்தால் கண் நிறைகிறது. பழைய வீட்டில் ஆணி அடித்திருந்த ஓட்டைகள் பலகையில் அப்படியே இருக்கின்றன. மலிகா ஒவ்வொன்றிலும் விரலை விட்டு விளையாடுகிறாள். இரவு கடல் காற்று அடிக்கும்போது பலகைச் சுவர் லேசாக முனகுகிறது. நீங்கள் தூங்கும்போது முனகுவீர்களே, அந்த நினைப்பு வந்து விழித்துக்கொள்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி துண்டுகளைத்தான் எரிக்கிறேன். நன்றாக நின்று எரிகிறது, கரியும் நயம். சாம்பல் மாவு மாதிரி விழுகிறது. பாத்திரம் தேய்க்க அதுதான், பிள்ளைகள் பல் விளக்கவும் அதுதான். பல்பொடிச் செலவு மிச்சம். மதினி மட்டும் தன் வேப்பங்குச்சியை விடமாட்டார்.

அவர் புதிதாக ஒரு பேச்சு கண்டுபிடித்திருக்கிறார். "நீ இன்னிக்கி பூண்டே போடல. அப்பறம் எங்கேர்ந்துமா பூண்டு நாத்தம் வருது? இந்தக் கட்டைல இன்னாவோ கீது" என்கிறார். நான் பூண்டை ஒளித்துவைத்துத் தின்கிறேன் என்று குத்திக் காட்டுவதாக எனக்குத் தோன்றிற்று. நன்றாகக் கேட்டுவிட்டேன். ஆனால் மச்சான், எனக்கும் அந்த வாடை வருகிறது. பொய் சொல்லவில்லை.

அவருடைய ஆடு செத்துப்போயிற்று. சாம்பல் குழியை நக்கிக்கொண்டே கிடக்கும். திடீரென்று கழிந்து, நுரை தள்ளி, சாயங்காலத்துக்குள் போய்விட்டது. நான்தான் ஏதோ கொடுத்துவிட்டேன் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

ரஷீதுக்கு வயிறு சரியில்லை. வாந்தி வருகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி வருகிறது. எனக்கும் காலையில் குமட்டல். வேறு மாதிரி நினைக்காதீர்கள், அது இல்லை.

ஷரீஃபா


பம்பாய்
1-6-1951

ஷரீஃபா,

வெயில் காலத்தில் வாந்தி பேதி வராத வீடு எது? மாங்காய் தின்றிருப்பான். மோர் கொடு, ஓமத் தண்ணீர் கொடு, டிஸ்பென்சரிக்கு ஒரு நடை போய் வா. ஆடு செத்ததற்கும் நீ ஒரு கதை கட்டாதே, அக்காவும் கட்ட வேண்டாம். வாடை விஷயத்தில் உங்கள் இருவருக்கும் மூக்கு இருக்கிற அளவுக்கு வேலை இல்லை என்று தெரிகிறது.

நோன்பு வரப்போகிறது. வீட்டில் சண்டை வைத்துக்கொண்டு நோன்பு பிடித்தால் பட்டினிதான் மிச்சம். பெருநாளுக்குத் துணி அனுப்புகிறேன். அக்காவுக்கு வெள்ளைப் புடவை, உனக்கு நீலம். முதலில் அவள் கையில் கொடு.

நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை. இங்கே முனகுவதைக் கேட்க எவரும் இல்லை.

அமீருதீன்


காலடிப்பேட்டை
3-7-1951

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

ரஷீது இளைத்துக் கயிறாகிவிட்டான். எது தின்றாலும் வெளியே வருகிறது. பாதம் எரிகிறது என்று இரவெல்லாம் அழுகிறான். உள்ளங்கையெல்லாம் காய்ப்புப் பிடித்துச் சொரசொரவென்று கிடக்கிறது, ஏழு வயதுப் பிள்ளைக்கு மூட்டை தூக்குகிறவன் கை. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வருகிறது. மலிகாவுக்கும் எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதே கூத்துதான். டிஸ்பென்சரியில் பூச்சி என்றார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

நாங்கள் தின்னும் சோற்றை அவள் தின்பதில்லை. தனி அடுப்பு, தனிக் கஞ்சி. நாங்கள் பல் விளக்கும் சாம்பலைத் தொடுவதில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு மட்டும் தன் கையால் கஞ்சி ஊட்டுவாள். ஆடு செத்த அன்று பார்த்த பார்வையை எழுதினேனே. அன்றிலிருந்துதான் ரஷீதுக்கு முற்றியது.

கொடுங்கையூரில் மருந்து எடுக்கிற பொம்பளை ஒருத்தி இருக்கிறாள். ரஷீதை அங்கே தூக்கிப் போனேன். பார்த்ததுமே, "வயித்துல இடுமருந்து கீது. கூட இருக்கறவங்க கைதான் வெச்சிக்கீது" என்றாள். அவன் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பினாள். கருப்பாக, மயிர் சுற்றிய உருண்டை ஒன்று தட்டில் விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன் மச்சான். மிச்சத்தை முறிக்க, நம் வீட்டு அடுப்புச் சாம்பலைத் தேனில் குழைத்துத் தினம் காலையில் அவன் நாக்கில் வைக்கச் சொன்னாள். வேறு வீட்டுச் சாம்பல் ஆகாதாம், பெற்றவள் மூட்டிய அடுப்பாக இருக்க வேண்டுமாம். வைத்துக்கொண்டு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவிடம் கேட்டேன். ஊரே கேட்கக் கேட்டேன். "நான் வெக்கல புள்ள. குரான் மேல அடிச்சிச் சொல்றேன், நான் வெக்கல. என் தம்பி புள்ளைங்களுக்கு நான் வெப்பேனா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குர்ஆனைத் தொட நான் விடவில்லை. துணி மூட்டையை எடுத்து வாசலில் வைத்தேன். மலிகா அவள் காலைக் கட்டிக்கொண்டாள், பிய்த்து இழுத்து உள்ளே போட்டேன். நோன்பு மாதத்தில் இப்படிச் செய்தாயே என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். என் பிள்ளை பிழைத்தால் போதும்.

ஷரீஃபுன்னிசா


பம்பாய்
9-7-1951

ஷரீஃபுன்னிசாவுக்கு,

பெருநாள் தொழுகை முடித்துத் திரும்பியவன் கையில் உன் கடிதம். நல்ல பெருநாள் கொடுத்தாய்.

எவளோ ஒரு ஏமாற்றுக்காரி வாயில் ஒளித்து வைத்திருந்த உருண்டையைத் துப்பினாள் என்று, என்னை வளர்த்தவளை நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறாய். தன் வாய்ச் சோற்றை எனக்குப் பிட்டுக் கொடுத்தவள் என் பிள்ளைக்கு மருந்து வைப்பாளா? உனக்கு அவளைக் கண்ட நாளிலிருந்தே ஆகாது. இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

இதைப் படித்ததும் போய் அவளைக் கூட்டி வா. வரமாட்டேன் என்றால் காலில் விழு. அதுவரைக்கும் எனக்குக் கடிதம் எழுதாதே. ரஷீதுக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் கார்டில் எழுது. டிஸ்பென்சரி போதாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ.

அமீருதீன்


காலடிப்பேட்டை
2-8-1951

எழுதாதே என்றீர்கள். தந்தியில் எல்லாம் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரஷீது வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டான். இன்னா லில்லாஹி. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலராவோ என்று தனியாகப் படுக்க வைத்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் தண்ணீர் என்றான், கொடுத்தால் நிற்கவில்லை. கடைசியில் என்னைத் தெரியவில்லை. "அத்தைகிட்ட போணும்" என்றான்.

ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். ஆண்கள் மட்டும் எடுத்துப் போனார்கள், நான் வாசலில் நின்றேன். தெரு முனையில் மரியம் மதினி நின்றதைப் பார்த்தேன். யாரோ சொல்லி வந்திருக்கிறாள். கிட்டே வர எவரும் விடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. மலிகாவும் மறுபடி வாந்தி எடுக்கிறாள். அவளுக்கும் தேனும் சாம்பலும் ஆரம்பித்திருக்கிறேன்.

ஷரீஃபா


பம்பாய்
20-8-1951

என் ஷரீஃபா,

தந்தி அடித்தேன். மரத்தை எரிக்காதே, சாம்பலைத் தொடாதே, பிள்ளைக்குக் கொடுக்காதே என்று. வந்ததா? வந்திருக்க வேண்டும். யா அல்லாஹ், வந்திருக்க வேண்டும்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி இருந்தது. வேலை செய்தால்தான் மனசு நிற்கும் என்று கிடங்கிலேயே கிடந்தேன். நேற்று அங்கே பாரம் தாங்காமல் உடைந்துபோன அடுக்குப் பலகைகளை மாற்றினார்கள். புதிதாக வந்த கூலி ஒருவன் அதில் ஒன்றைப் பிளந்து, டீ போட அடுப்பு மூட்டினான். கூலிகளை மேய்க்கிற ஜமேதார் ஓடிவந்து அடுப்பை உதைத்தார். அவன் கன்னத்திலும் ஒன்று வைத்தார். பாஷாணம் ஊறின கட்டை, புகையே ஆளைக் கொல்லும், சாம்பலை நக்கின நாய் பிழைக்காது என்று கத்தினார். நான் தள்ளி நின்றேன். காற்று என் பக்கம் திரும்பிற்று. பூண்டு வாடை அடித்தது.

நீ எழுதியிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. ஆடு. பாதம் எரிவது. முடி கொட்டுவது. வறட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சி, வேப்பங்குச்சியால் பல் விளக்கியவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாதது.

அது பாஷாணம் என்று எனக்குத் தெரியும், ஷரீஃபா. கிடங்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம். மருந்து போடு, மருந்து கலக்கு, மருந்து தீர்ந்துபோச்சு, அப்படியே சொல்லிச் சொல்லி எனக்கே அது மருந்தாகிவிட்டது. கை கழுவினால் போதும் என்று நினைத்தேன். தோலில் ஏறியது பலகையில் ஏறும் என்று பெருமையாக உனக்கு எழுதத் தெரிந்தது. பலகையில் ஏறியது புகையில் வரும், சாம்பலில் தங்கும் என்று நினைக்கத் தெரியவில்லை. நான் பாஷாணம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நீ அந்தத் துண்டைக் கையால் தொட்டிருக்கமாட்டாய்.

உன்மேல் குற்றம் இல்லை. அடுப்புக்கு வைத்துக்கொள் என்று எழுதியது என் கை. இதைப் பத்துத் தடவை படித்துக்கொள்.

ஆனால் ஒன்று நீ செய்தே ஆக வேண்டும். அக்காவிடம் போ. அவள் வைக்கவில்லை என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். நான் எழுதினால் முறையில்லை. அவளுக்குப் படிக்கவும் தெரியாது. நாலு பேர் கேட்கத் துரத்தினாய், நாலு பேர் கேட்க மாப்பு கேள். முதலாளி இப்போது விடமாட்டேன் என்கிறார். எப்படியும் அடுத்த மாதக் கடைசியில் வந்துவிடுவேன். வீட்டைக் காலி செய். பலகையை விற்காதே, வாங்குகிறவன் வீட்டிலும் அடுப்பு இருக்கும்.

மலிகா எப்படி இருக்கிறாள்? ஒரு கார்டு போடு. ஒரு வரி போதும்.

அமீருதீன்


காலடிப்பேட்டை
10-9-1951

மச்சானுக்கு,

மலிகா இருக்கிறாள். கார்டில் எழுதியது கிடைத்திருக்கும். வாந்தி நின்றுவிட்டது, சோறு கேட்கிறாள். முடி புதிதாகப் பூனை மயிர் மாதிரி முளைக்கிறது. தந்தி வந்த அன்றே அடுப்பை இடித்தேன். பக்கத்துத் தெருவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டோம். மிச்சத் துண்டுகளையும் சாம்பலையும் கிணற்றுக்கு எட்டாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாயிற்று. சுப்பராயன்தான் வெட்டினார். "நல்ல கட்டைய ஏம்மா பொதைக்கிற" என்றார். ஆழம் போதாது, இன்னும் வெட்டுங்கள் என்றேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் அழவில்லை. கையைப் பார்த்தேன். தேனில் சாம்பலைக் குழைத்து அவன் நாக்கில் வைத்த விரல் இதுதான். "கரிக்குதும்மா, வோணாம்மா" என்று தலையைத் திருப்புவான். தாடையைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். தினமும் வைத்தேன். நல்ல தாய் என்று அப்போது என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன். குற்றம் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவைக்கு மேலேயே படித்துவிட்டேன். உங்கள் கை எழுதியது, என் கை வைத்தது. எழுதிய கையைவிட வைத்த கைதான் எனக்குக் கனக்கிறது.

மதினியைத் தேடிப் போனேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிறார். சமையல் கட்டுக்குள் அவரை விடுவதில்லையாம். காரணம் கேட்டேன், அந்த வீட்டம்மா என்னை யாரென்று தெரியாமல், "தம்பி புள்ளைக்கே மருந்து வெச்சவளாமே, உள்ள வுட முடியுமா" என்றாள். நான் பரப்பிய பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பாதியாகிவிட்டார். கிட்டே வரவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார், எங்கே தொட்டுவிடுவாரோ என்று நான் பயப்படக் கூடாதாம். "மலிகா எப்டிமா கீறா?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

மச்சான், அல்லாஹ் சாட்சியாக, மாப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். அவர் வைக்கவில்லை என்று சொன்னால், அடுத்த நொடியே அந்த வீட்டம்மாவும் தெருவும் கேட்கும், அப்போ யார் வெச்சது என்று. அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மலிகா என்னை ஆயுசுக்கும் பார்ப்பாள். என் நாக்கு புரண்டுவிட்டது. "மதினி, ஒங்களுக்கு மாப்பு குடுத்துட்டேன். வூட்டுக்கு வந்துடுங்க" என்றேன்.

மாப்பு கேட்கப் போனவள் மாப்பு கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் வெக்கல புள்ள என்று அன்றைக்கு ஆயிரம் தடவை சொன்னவர், இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா ஒன்ன நல்லா வெப்பான்மா" என்றார். துணி மூட்டையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அந்த வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்து, இப்படியும் ஒரு மனசா என்றார்கள்.

நீங்கள் வாருங்கள். வந்ததும் என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். தலாக் சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். மதினியிடம் மட்டும் மரத்தைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். இதைக் கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது, கேட்கிறேன். உங்கள் கடிதங்களை அவருக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். சுகம் விசாரித்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மலிகாவுக்குச் சோறு ஊட்டுவது அவர்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு உருண்டையிலும் முதலில் கொஞ்சம் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். நான் பார்க்கும்படி மென்று விழுங்கிவிட்டு, பிறகுதான் பிள்ளைக்குக் கொடுக்கிறார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், வேண்டாம் மதினி என்று இன்னும் சொல்லவில்லை.

ஷரீஃபுன்னிசா